ஷேர்டு மெமரி: சைஸ் புலத்தைக் கவனியுங்கள்

கேள்வி: காசிமேடு மீன் மார்க்கெட் கடைகளுக்கான கார்டு மெஷினில் லினக்ஸ் புரோகிராம் எழுதுகிறேன். ஆப்-டீ (OP-TEE, லினக்ஸிலிருந்து பிரித்து வைத்த பாதுகாப்பான பகுதியில் ஓடும் சிறிய ஓஎஸ்) மேல் ஓடும் டிரஸ்டட் அப்ளிகேஷனுக்கு, அதாவது அந்தப் பகுதியில் ஓடும் புரோகிராமுக்கு, 4096 பைட் பஃபர் கொடுத்துப் பதில் வாங்குகிறோம். முதல் அழைப்பு சரியாகப் போகிறது, அடுத்ததில் 'ஷார்ட் பஃபர்' (இடம் போதாது) எரர் வருகிறது. பஃபர் அதே பஃபர்தானே?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பஃபர் அதேதான், அதோடு அனுப்பும் சைஸ் புலம் மாறிவிட்டது. டெம்ப் மெம்ரெஃப் (அந்த ஒரு அழைப்புக்கு மட்டும் பஃபரைப் பகிரும் பாராமீட்டர்) வகையில், போகும்போது அந்தப் புலம் கொள்ளளவைச் சொல்லும். திரும்பும்போது எத்தனை பைட் எழுதப்பட்டது என்பதைச் சொல்லும். முதல் பதில் 128 பைட் என்றால் அங்கே 128 நிற்கும். பாராமீட்டர்களைத் தாங்கும் அதே ஆபரேஷன் ஸ்ட்ரக்சரை அப்படியே மறுபடி அனுப்பினால் 200 பைட் பதிலுக்கு இடம் போதாது. லூப்புக்குள், ஒவ்வொரு இன்வோக் கமாண்டுக்கும் (டிரஸ்டட் அப்ளிகேஷனை அழைக்கும் ஃபங்ஷன்) முன்னால், சைஸை 4096 ஆக்குங்கள். முன்பே பகிர்ந்த மெமரியில் ஒரு பகுதியை மட்டும் காட்டும் பார்ஷியல் மெம்ரெஃபிலும் இதே கதைதான். அதை முழுதாகக் காட்டும் ஹோல் வகையில் அளவு ஷேர்டு மெமரி ஸ்ட்ரக்சரிலிருந்தே எடுக்கப்படுவதால் இந்தத் தொல்லை இல்லை.

இதைவிட ஆபத்தான இடம் ஒன்று உண்டு. 'ஷார்ட் பஃபர்' வந்தால் சைஸில் இருப்பது தேவைப்படும் அளவு, 6000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் கோடைப் பார்க்காமல் அந்த அளவுக்கு மெம்காப்பி (மெமரியை நகலெடுப்பது) செய்தால், 4096-ஐத் தாண்டி வேறு யாருடைய மெமரியையோ படிக்கிறீர்கள். கோடைப் பார்த்த பிறகுதான் சைஸைத் தொட வேண்டும். பெரிய பஃபரோடு மறுபடி அழைக்கும் முன், டிரஸ்டட் அப்ளிகேஷன் எழுதியவரிடம் ஒன்று கேளுங்கள்: அளவைச் சரிபார்ப்பது வேலைக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் கவுண்டர் போன்றவை இரண்டு முறை ஏறிவிடும்.

கேள்வி: அலோகேட் ஷேர்டு மெமரி, ரெஜிஸ்டர் ஷேர்டு மெமரி, எதை எப்படி விடுவிப்பது?
மாணவி, பெரம்பூர்

பதில்: அலோகேட் செய்தது லைப்ரரி ஒதுக்கித் தந்த மெமரி, அதை ரிலீஸ் ஷேர்டு மெமரி ஃபங்ஷனே விடுவித்துவிடும். அதன்மேல் ஃப்ரீ கூப்பிடாதீர்கள். ரெஜிஸ்டர் செய்தது உங்கள் சொந்த பஃபர்: முதலில் ரிலீஸ், பிறகு நீங்களே ஃப்ரீ. வரிசை தலைகீழானால் விடுவித்த மெமரி இன்னும் பகிர்வில் இருக்கும். எரர் வந்து பாதியில் வெளியேறும் வழிகளிலும் ரிலீஸ் இருக்கிறதா என்று பாருங்கள், லீக் (விடுவிக்காமல் விட்ட மெமரி) பெரும்பாலும் அங்கேதான். எல்லாம் முடிந்ததும் செஷனை (டிரஸ்டட் அப்ளிகேஷனோடு உள்ள இணைப்பு) மூடி, கடைசியாகக் கான்டெக்ஸ்டை (ஆப்-டீயோடு உள்ள இணைப்பு) ஃபைனலைஸ் செய்யுங்கள்.

டிரஸ்டட் அப்ளிகேஷனையும் நீங்களே எழுதுவதாக இருந்தால், ஷேர்டு மெமரியில் இருக்கும் நீளத்தை அங்கேயே சோதித்து அங்கேயே பயன்படுத்தாதீர்கள். சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் நடுவில் லினக்ஸ் பக்கம் அதை மாற்றிவிட முடியும். சொந்த மெமரிக்கு ஒரே முறை நகலெடுத்து, நகலைச் சோதியுங்கள்.