போன் திறக்கவில்லை, அப்பாவின் குரல் உள்ளே இருக்கிறது

கேள்வி: அம்மாவின் அன்ட்ரொய்ட் போனை எப்போதும் விரலை வைத்துத்தான் திறப்பார். போன வாரம் சார்ஜ் இறங்கி நின்ற போனைத் திரும்பப் போட்டதும் பின் நம்பர் கேட்கிறது, அம்மாவுக்கு அது ஞாபகமே இல்லை. மாசி மாதம் இறந்துபோன அப்பா, கட்டாரில் வேலை செய்த காலத்தில் வட்ஸ்அப்பில் அனுப்பிய வொய்ஸ் மெசேஜ் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கல்முனையில் ஒரு கடையில் ரீசெட் பண்ணித் திறந்து தருகிறோம் என்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம் தங்கச்சி. கடைக்காரர் சொல்வது பொய்யில்லை, ரீசெட் பண்ணினால் போன் திறக்கும், ஆனால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்கு வேண்டியது போன் இல்லை, அப்பாவின் குரல்.

இப்போதைய அன்ட்ரொய்ட் போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும், அதாவது வேறு யாரும் வாசிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும், அதைப் பிரிக்கும் திறப்பு பின் நம்பரோடு பிணைந்திருக்கிறது. அதனால்தான் நின்ற போன் திரும்ப வந்ததும் விரலை ஏற்காமல் நம்பரைக் கேட்கிறது. வயர் போட்டுக் கொம்பியூட்டரில் இணைத்தாலும் உள்ளே போக முடியாது. கூகுள் மூலம் தூரத்தில் இருந்து செய்யும் வழியும் போனை அழிக்கிற வழிதான். ஒன்றும் அழியாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் ஒன்று யோசியுங்கள், அந்த நம்பரை வைத்தது அம்மாதானா? எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் போன் வாங்கிக் கொடுத்த பிள்ளையோ விற்ற கடைத் தம்பியோதான் வைத்துக் கொடுப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள். பிறந்த ஆண்டு, அடையாள அட்டையின் கடைசி இலக்கங்கள், அப்பாவின் போன் நம்பரின் கடைசி நான்கு என்று ஒரு கொப்பியில் எழுதிவைத்து, அடித்துப் பார்த்ததை வெட்டிக்கொண்டே போங்கள். பிழை கூடக் கூடக் காத்திருக்க வேண்டிய நேரமும் கூடும். சில போன்களில் குறிப்பிட்ட தடவைக்கு மேல் பிழையாக அடித்தால் எல்லாம் அழிகிற மாதிரி அமைத்திருக்கவும் கூடும், ஆகவே வீட்டுப் பிள்ளைகள் கையில் போனை விடவேண்டாம்.

அப்புறம் நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று, அப்பா பாவித்த போன் எங்கே? அவர் அனுப்பிய வொய்ஸ் அவருடைய போனிலும் இருந்திருக்கும். கணக்கு 120 நாள் பாவிக்கப்படாவிட்டால் வட்ஸ்அப் அதைப் பொதுவாக நீக்கிவிடும், ஆனாலும் அந்த ஆப்பை அழிக்காதவரை போனுக்குள் கிடப்பது கிடக்கும். அலுமாரியில் அந்தப் போன் இருந்தால் சார்ஜ் போடுங்கள், ஆப்பை அழிக்கவோ புதிதாகப் பதியவோ வேண்டாம், ஃபைல்களுக்குள் வட்ஸ்அப் வொய்ஸ் நோட்ஸ் என்ற ஃபோல்டரைத் தேடி அப்படியே கொம்பியூட்டரில் பிரதி எடுங்கள்.

அதுவும் இல்லையென்றால் கூகுள் ட்ரைவ், வட்ஸ்அப்பின் பேக்கப், அதாவது காப்புப் பிரதி, இணையத்தில் இருக்கக்கூடிய இடம். அம்மாவின் ஜிமெயிலால் வேறு இடத்தில் உள்ளே போய், பேக்கப் பகுதியில் வட்ஸ்அப் இருக்கிறதா, எந்தத் திகதி என்று பாருங்கள். இருந்தால் மட்டும் சிம்மைக் கழற்றி இன்னொரு அன்ட்ரொய்ட் போனில் போட்டு, முதலில் அதே ஜிமெயிலைச் சேர்த்து, அதற்குப் பிறகு வட்ஸ்அப்பைப் பதியுங்கள். பழையதைத் திரும்ப எடுக்கவா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்பதை அமர்த்துங்கள். இதில் அவசரப்பட்டு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால், புதிய வெறும் பேக்கப் பழையதன் மேல் ஏறிவிடலாம். அப்பாவின் குரல் அந்த ஒரு அமர்த்தலில் போய்விடக் கூடாது. வட்ஸ்அப்பைப் பதியும்போது எஸ்எம்எஸ்ஸில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கோல் எடுத்துக் கேட்டாலும் சொல்லவேண்டாம்.

மெமரி கார்ட் இருந்தால் அதையும் இன்றே கழற்றி வையுங்கள். இதிலெல்லாம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ரீசெட்டைக் கடைசிக்கு விடுங்கள், அந்தப் போனை அப்படியே ஒரு வருடம் வைத்திருந்தாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு நம்பர் ஒருநாள் ஞாபகம் வரலாம். ரீசெட் பண்ணத்தான் வேண்டும் என்று வந்தால் ஜிமெயில் பாஸ்வேர்ட்டை அதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள், முடிந்ததும் அதைக் கேட்கும். பாஸ்வேர்ட்டை மாற்றியிருந்தால் 24 மணித்தியாலம் கழித்தே ரீசெட் பண்ணுங்கள்.

கேள்வி: நேற்று ஐபோன் பாஸ்கோடை மாற்றினேன், இன்று புதியது மறந்துவிட்டது. பழையது ஞாபகம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: போனில் இருக்கும் ஐஓஎஸ் என்ற ஐபோன் மென்பொருள் 17 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் தப்பிவிட்டீர்கள் தம்பி. பல தடவை பிழையாக அடித்த பிறகு பாஸ்கோட் மறந்துவிட்டதா என்று கீழே வரும், அதை அமர்த்தினால் முந்தைய பாஸ்கோடைப் போட ஒரு வழி காட்டும். மாற்றிய நேரத்திலிருந்து 72 மணித்தியாலத்துக்குத்தான் இது வேலை செய்யும், இதை வாசிக்கும்போதே போனை எடுங்கள். நேரம் தாண்டினால் அழிப்பதுதான் வழி, அதற்கு அப்பிள் கணக்கின் பாஸ்வேர்ட்டும் தேவைப்படும்.