கிட்னிச் சோதனை செய்யாமலே இருந்திட்டா நிம்மதியா?

கேள்வி: டொக்டர், எனக்கு 39 வயசு, செட்டிகுளம் பக்கம் வயல் செய்யுறன். அண்ணா கிட்னி வருத்தத்தில டயலிசிஸ் செய்து செய்து போன வருசம் செத்திட்டார். ஊருக்கு ரத்தம் சோதிக்க வந்தவை, நான் போகேல்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. இருக்கெண்டு தெரிஞ்சா அண்டைக்கே மனம் விட்டுப்போடும், தெரியாட்டி இருக்கிற வரைக்கும் நிம்மதியா இருப்பன். மனிசி இதால ஒரே சண்டை. நான் நினைக்கிறது பிழையா?

பதில்: தம்பி, அண்ணா பட்ட பாட்டைப் பக்கத்தில இருந்து பாத்த ஆளுக்கு இந்தப் பயம் வரத்தான் செய்யும். தெரியாம இருக்கிறதே நல்லம் எண்டு நானும் ஒத்துக்கொள்ளுற வருத்தங்கள் இருக்கு. ஹன்ரிங்டன் எண்டு மூளையைத் தாக்குற ஒரு பரம்பரை வருத்தம், அது வரப்போகுதோ இல்லையோ எண்டு ஜீன் சோதனையில முன்னுக்கே சொல்லலாம், ஆனா வாறதை நிப்பாட்ட மருந்தில்லை, அதால அந்தக் குடும்பங்களில கனபேர் சோதனையே வேண்டாம் எண்டு இருக்கினம், அது அவையின்ர உரிமை. வயசுபோன ஐயா ஒராள் "என்னட்ட சொல்லாதேங்கோ, மகனிட்ட சொல்லுங்கோ" எண்டாலும் நான் மதிப்பன்.

உங்கட விசயம் அப்பிடி இல்லை. இதில தெரிஞ்சா செய்யக்கூடியது நிறைய இருக்கு, அதுவும் ஆரம்பத்தில தெரிஞ்சாத்தான்.

"ஒரு வருத்தமும் இல்லை" எண்டு எழுதினீங்கள் பாருங்கோ, எனக்குப் பயம் அதிலதான். கிட்னி பாதிக்கு மேல பழுதானாலும் ஆளுக்கு ஒண்டும் தெரியாது. ரத்தத்தில கிரியற்றினின் எண்ட கழிவுகூட, கிட்னி பாதியளவு போன பிறகுதான் வடிவா ஏறும், அதாலதான் சலத்தில அல்புமின் எண்ட புரதம் போகுதோ எண்டும் சேர்த்துப் பாக்கிறது. கால் வீங்கி, சத்தி எடுத்து, மூச்சு இழுக்கேக்க வாற ஆளுக்கு டயலிசிஸ், இல்லாட்டி மாற்றுக் கிட்னி எண்டதைத் தவிர எங்களிட்ட பெரிசா ஒண்டும் மிச்சம் இருக்காது.

உங்கட பக்கத்தில கனக்க வாறது, காரணம் தெரியாத நாள்பட்ட கிட்னி வருத்தம். 1990களில வடமத்திய மாகாணத்தில பதவியா, மெதிரிகிரிய பக்கம் கவனிக்கத் தொடங்கின வருத்தம் இது, பிறகு வவுனியாப் பக்கமும் கண்டது. புளோரைட், கடினத் தண்ணி, வயலுக்கு அடிக்கிற மருந்து, வெயிலில தண்ணி குடியாம வேலை செய்யுறது எண்டு கனக்கச் சொல்லினம், ஒண்டும் இன்னும் முடிவாகேல்லை. காரணம் பிடிபடாட்டியும் வருத்தத்தைப் பிந்த வைக்க ஏலும். பிரசரை 130/80க்குக் கீழ வைச்சு, சலத்தில அல்புமின் போனா லோசாட்டன் மாதிரி ஒரு பிரசர் குளிசை குடுத்து, பார்மசியில சும்மா வாங்கிப் போடுற டைக்ளோபினாக், இபுபுறுபன் மாதிரி நோக்குளிசையள் எல்லாத்தையும் நிப்பாட்டினா கனபேருக்கு டயலிசிஸ் வருசக்கணக்கில பிந்தும், சிலருக்கு வராமலே போகும். இடுப்பு நோவுக்கு நீங்களும் அந்தக் குளிசையள் போடுறனீங்களோ? போட்டா இண்டைக்கே விடுங்கோ, பரசிற்றமோல் அளவாப் போடலாம். ஆடுதீண்டாப்பாளை சேர்ந்த கசாயம் ஆரும் தந்தா தொடாதேங்கோ, அதில இருக்கிற நஞ்சு நேர கிட்னியைத்தான் அழிக்கும்.

நிம்மதி எண்டு எழுதியிருக்கிறீங்கள். கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில 2017 பெப்ரவரியில போராட்டத்தில குந்தின, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர அம்மாமார் என்ன கேட்டவை? தங்கட பிள்ளையளுக்கு என்ன நடந்தது எண்ட பதிலைத்தானே. அவையிட்ட கேட்டுப் பாருங்கோ தெரியாம இருக்கிறது எப்பிடி எண்டு. உங்களுக்கும் உண்மையா நிம்மதி இருந்திருந்தா எனக்கு எழுதியிருக்க மாட்டீங்கள் தம்பி, நீங்கள் இப்பவே ஒவ்வொரு நாளும் உங்களுக்கு வருத்தம் இருக்கெண்டு நினைச்சுத்தான் சீவிக்கிறீங்கள், ஆனா அதுக்குரிய மருந்து மட்டும் இல்லாம.

ரிப்போர்ட்டில ஒண்டும் இல்லை எண்டும் வரலாம், அண்ணாக்கு வந்தா தம்பிக்கும் வந்தே தீரும் எண்டு இல்லை. கூடிக் காட்டினாலும் உடன முடிவு கட்டாதேங்கோ, காய்ச்சல், வயித்தாலடி, நாள் முழுக்க வெயிலில நிண்டு உடம்பில தண்ணி வத்தினது, இதுகளாலயும் கிரியற்றினின் கூடும், மூண்டு மாசம் கழிச்சுத் திருப்பிப் பாத்துத்தான் நாள்பட்ட வருத்தம் எண்டு சொல்லுறது. அப்பிடி இருந்தா கொஞ்ச நாள் நித்திரை வராது, அதை நான் மறைக்கேல்லை. எத்தினை வருசம் இருப்பன் எண்டு கேக்க விருப்பமில்லாட்டி கேக்காதேங்கோ, டொக்டரிட்ட "நான் என்ன செய்யவேணும், அதை மட்டும் சொல்லுங்கோ" எண்டு சொல்லுங்கோ, அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

அரசாங்க ஆஸ்பத்திரியில இதெல்லாம் இலவசம். மருந்தடிச்சுப்போட்டு அப்பிடியே போகாம, முதல் நாள் வேலையைக் குறைச்சு நல்லாத் தண்ணி குடிச்சிட்டு காலமை போங்கோ, அண்ணான்ர கிளினிக் கொப்பி வீட்டில கிடந்தா எடுத்துக்கொண்டு போங்கோ. மனிசியையும் கூட்டிக்கொண்டு போய் அவவுக்கும் பாருங்கோ, ரெண்டு பேரும் ஒரே கிணத்துத் தண்ணிதானே குடிக்கிறனீங்கள். அண்ணாக்கு வளந்த பிள்ளையள் இருந்தா அவையும் வரட்டும்.