ஊதியமில்லா விடுப்பில் இருக்கும் ரயில்வே கால்பந்து வீரர் தேர்தலில் நிற்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயது 29. வியாசர்பாடியில் ஆடி வளர்ந்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குச் சேர்ந்தவன். 27 வயதில் துறையின் அனுமதியோடு ஊதியமில்லா விடுப்பில் போய், கேரளத்தில் ஒரு கிளப்பில் மூன்று சீசனுக்குக் கையெழுத்திட்டான். இன்னும் ஒரு சீசன் பாக்கி. வாக்காளர் அட்டையையும் கோழிக்கோட்டுக்கு மாற்றிவிட்டான். இப்போது ஒரு கட்சி எங்கள் ஊரில் எம்.எல்.ஏ. சீட் தருவதாகச் சொல்கிறது. கிளப் வழக்குப் போடுமோ என்பதுதான் அவன் பயம்.

பதில்: உங்கள் தம்பி பயப்பட வேண்டியது கிளப்பைப் பார்த்து அல்ல, ரயில்வே வேலையைப் பார்த்து. தனியார் கிளப்போடு ஒப்பந்தம் இருப்பது வேட்பாளர் தகுதியைத் தொடாது. அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் எம்.எல்.ஏ. ஆக முடியாது என்கிறது அரசியலமைப்பின் 191ஆம் பிரிவு. ரயில்வே ஊழியர் நேரடியாக மத்திய அரசு ஊழியர். ‘சம்பளமே வாங்கவில்லையே, லீவில்தானே இருக்கிறேன்’ என்ற வாதம் நிற்காது. ஜெயா பச்சன் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம், பணத்தை உண்மையில் வாங்கினாரா என்பது முக்கியமல்ல, அந்தப் பதவி ஆதாயம் தரக்கூடியதா என்பதுதான் கேள்வி என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே ராஜினாமா செய்தே ஆக வேண்டும். கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. உரிய அதிகாரி அதை ஏற்று, பணியிலிருந்து விடுவித்த உத்தரவு கையில் வேண்டும். வேட்புமனு பரிசீலனை நாளில் தகுதி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். தேர்தல் அறிவிக்கை வந்த ஏழாம் நாள் மனுத்தாக்கல் முடியும், மறுநாள் பரிசீலனை. அந்த எட்டு நாளில் எந்த அலுவலகத்திலும் கோப்பு நகராது. நியமன உத்தரவில் சேவைப் பத்திரம் (குறிப்பிட்ட காலம் வேலையில் இருப்பேன் என்ற ஒப்புதல்) இருந்தால் அதற்கான தொகை, முன்பணம், கடன் பாக்கி எல்லாம் கட்டிய பிறகே விடுவிப்பார்கள். ஒழுங்கு நடவடிக்கை ஏதும் நிலுவையில் இருந்தால் இன்னும் இழுக்கும். பல மாதம் முன்பே தொடங்குங்கள்.

வேலையை விடும் முன் கட்சி மேடையில் ஏறக் கூடாது. ரயில்வே ஊழியர் நடத்தை விதிகள் 1966இன் 5ஆம் விதி அரசியலில் பங்கேற்பதைத் தடுக்கிறது. துண்டு போட்ட ஒரு படம் வெளியானால் அதுவே குற்றச்சாட்டாகி, ராஜினாமா ஏற்பைத் தள்ளிப்போடும். லீவு முடிந்தும் வேலைக்குத் திரும்பாமல் இருந்து பணிநீக்கம் ஆவது அதைவிட மோசம். பணிநீக்கமாகி ஐந்து ஆண்டு ஆகாதவர், அது ஊழலுக்காகவோ அரசுக்கு விசுவாசமின்மைக்காகவோ அல்ல என்று தேர்தல் ஆணையத்தின் சான்றை மனுவோடு இணைக்க வேண்டும். தோற்றால் பழைய வேலை திரும்பக் கிடைக்கும் என்ற கணக்கு வேண்டாம். வீட்டில் இதைப் பேசி முடிவெடுங்கள்; கட்சிக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மனுவைத் தேர்தல் அதிகாரி தவறுதலாக ஏற்றுக்கொண்டாலும் தப்பிவிட்டதாக அர்த்தமில்லை. தோற்றவர் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டு வெற்றியையே ரத்து செய்யவைக்கலாம்.

அடுத்து வாக்காளர் அட்டை. மக்களவைக்கு நிற்பவர் நாட்டின் எந்தத் தொகுதியில் வாக்காளராக இருந்தாலும் போதும். தமிழகச் சட்டமன்றத்துக்கு நிற்க, தமிழகத்தின் ஏதேனும் ஒரு தொகுதியில் வாக்காளராக இருக்க வேண்டும். கோழிக்கோட்டுப் பெயரோடு மனு கொடுத்தால் தள்ளுபடிதான். படிவம் 8இல் இடமாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வழக்கமான வசிப்பிடம் வியாசர்பாடி என்பது உண்மையாக இருக்க வேண்டும், பொய் உறுதிமொழி தனிக் குற்றம். மனுத்தாக்கல் கடைசி நாளுக்குப் பின் பட்டியலில் கை வைக்க மாட்டார்கள். பெயர் ஒரு தொகுதியிலும் போட்டி வேறு தொகுதியிலும் என்றால், பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும்.

இனி கிளப். ஃபிஃபா விதிப்படி ஒப்பந்தம் காலம் முடிந்தோ, இரு தரப்பு சம்மதத்தோடோதான் முடியும். தேர்தல் என்பது நியாயமான காரணமாக ஏற்கப்படாது. 28 வயதுக்கு முன் கையெழுத்திட்டால் முதல் மூன்று சீசன் பாதுகாக்கப்பட்ட காலம். அதில் தானே முறித்தால் இழப்பீட்டோடு நான்கு மாதம் ஆடத் தடையும் வரும். உங்கள் தம்பியின் முழு ஒப்பந்தமும் அதற்குள் அடங்குகிறது. ஆனால் முறிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம். பிரசார வாரங்களுக்கு எழுத்து மூலம் விடுப்பு கேளுங்கள். கிளப் மறுத்தால் பரஸ்பர முறிவு ஒப்பந்தம் போடுங்கள்: முடியும் தேதி, சம்பளப் பாக்கி, இனி உரிமை கோர மாட்டோம் என்ற வாசகம், அகில இந்திய கால்பந்து சம்மேளனப் பதிவிலிருந்து விடுவிப்பு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். விளம்பர ஒப்பந்தங்களில் அரசியலுக்குத் தடை விதிக்கும் வாசகம் இருக்கிறதா என்று தனியே பாருங்கள். கிளப் சின்னமுள்ள ஜெர்சியைப் பிரசாரத்துக்குப் போட வேண்டாம். தொகுதிப் பையன்களுக்குப் பந்தும் ஷூவும் கொடுப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123ஆம் பிரிவில் லஞ்சமாகப் பார்க்கப்படலாம். வீரர்கள் நல்லெண்ணத்தோடு மாட்டிக்கொள்ளும் இடம் இது.

மனுவோடு படிவம் 26 உறுதிமொழி: ஐந்தாண்டு வருமான விவரம், மனைவி மற்றும் சார்ந்தவர்களின் சொத்து, வழக்குகள். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாமல் ‘இல்லை’ என்றாவது எழுதுங்கள். கிளப் கொடுத்த கையெழுத்துத் தொகை கணக்கில் இருக்கட்டும். கடந்த பத்தாண்டில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்திருந்தால் வாடகை, மின்சாரம், தண்ணீர், தொலைபேசிக்கு நிலுவையின்மைச் சான்று தேவை. கடைசி நாளில் பலரை ஓடவைக்கும் காகிதம் இதுதான். வைப்புத்தொகை ரூ.10,000, பட்டியல் இனத்தவருக்கு, பழங்குடியினருக்குப் பாதி. செலவுக்குத் தனி வங்கிக் கணக்கை மனுவுக்கு முந்தைய நாளாவது தொடங்குங்கள். தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் ஒப்படைக்கத் தவறினால் மூன்றாண்டு வரை தகுதியிழப்பு வரலாம்.

வென்ற பிறகும் ஆடலாமா என்றும் கேட்பான். ஆடலாம். 2021இல் மேற்கு வங்கத்தில் எம்.எல்.ஏ. ஆகி அமைச்சராகவும் ஆன மனோஜ் திவாரி, பதவியில் இருந்தபடியே ரஞ்சி கிரிக்கெட் ஆடினார். அதே மாநிலத்தில் கால்பந்து வீரர்கள் பிரசூன் பானர்ஜி மக்களவைக்கும் தீபேந்து பிஸ்வாஸ் சட்டமன்றத்துக்கும் போனார்கள். அவை அனுமதியின்றி 60 நாள் எல்லாக் கூட்டத்துக்கும் வராமல் இருந்தால் இடம் காலி என்று அறிவிக்கலாம். ஆனால் அவை ஒத்திவைக்கப்பட்ட நீண்ட இடைவெளிகள் இந்தக் கணக்கில் வராது. ஆகவே சீசனையும் கூட்டத்தொடரையும் சமாளிக்க முடியும்.