தாத்தாவின் ஜனதா

கேள்வி: தாத்தா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா வாட்ச் கிடைத்தது. டயல் மஞ்சளாகிவிட்டது, புது டயல் போட்டுவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஐயோ, டயலில் கை வைத்துவிடாதீர்கள்! அந்த மஞ்சள்தான் அழகே. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு பெங்களூரில் கடிகாரம் செய்ய ஆரம்பித்த நிறுவனம் எச்.எம்.டி. ஜனதாவில் பேட்டரி கிடையாது, உள்ளே சக்கரங்கள் தேயாமல் சுழல 17 கற்கள், தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டு ஒருமுறை காதோடு வைத்துக் கேளுங்கள். பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெய் போடத் தெரிந்த பழைய ஆளிடம் கொடுத்தால் போதும். மெலிசாக வேறு வாட்ச் வேண்டுமென்றால் ஓசூர் டைட்டனின் எட்ஜ் இருக்கிறது, மொத்தத் தடிமனே 3.5 மி.மீ.தான், எனக்கும் பிடிக்கும் (நொடிமுள் இல்லாததுதான் குறை). அப்புறம், ஜனதாவோடு பாத்திரம் கழுவப் போகாதீர்கள்.