வாசகர் கேள்வி – பதில்: இரு முறை தேடி வந்த பதவி

கேள்வி: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் முதல் தலைவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸ், அறிவியலாளர் அல்லர், வழக்கறிஞர் என்று படித்தேன். அவரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

பதில்: சட்டம் படித்திருந்ததே அன்று அவருடைய பலம். 1960களின் தொடக்கத்தில் இந்தியானா மாநில அரசு வழக்கறிஞராக இருந்தபோது, ஆறுகளில் கழிவைக் கலந்த ஆலைகள் மீதும் நகராட்சிகள் மீதும் மாநிலச் சுகாதார வாரியத்தின் சார்பில் நடவடிக்கை எடுத்தவர் அவர். கெடுபிடி காட்டினால் ஆலை அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும் என்று ஆளுநர்கள் அஞ்சுவதையும், மாநிலங்கள் தனித்தனியே நின்று இதைச் சமாளிக்க முடியாது என்பதையும் அங்கேதான் கண்டார். 1970 டிசம்பர் 2 அன்று முகமை செயல்படத் தொடங்கிய சில நாட்களிலேயே, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டுவந்த அட்லாண்டா, டெட்ராய்ட், கிளீவ்லாந்து நகரங்களுக்கு ஆறு மாதக் கெடு விதித்தார். மிரட்டலோடு நின்றுவிடும் அலுவலகம் இது அன்று என்பதை முதலிலேயே காட்டிவிட வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. அது சரியான கணக்கு என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: 1972இல் அவர் டிடிடி என்ற பூச்சிக்கொல்லியைத் தடை செய்ததால்தான் உலகில் மலேரியா பெருகியது என்கிறார்களே?

பதில்: அந்த ஆணையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது அமெரிக்காவுக்குள் பயிர்களுக்கு டிடிடி தெளிப்பதைத்தான் ஏறக்குறைய முழுமையாக நிறுத்தியது. நோய்த் தடுப்புக்கான பயன்பாட்டையும் வெளிநாட்டு ஏற்றுமதியையும் தடுக்கவில்லை. கொசுக்கள் அம்மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெறுவது அதற்கு முன்பே பல நாடுகளில் தெரியவந்த சிக்கல். ஆயினும் அவர் மீது நியாயமான விமர்சனம் ஒன்று உண்டு. ஏழு மாதங்கள் சாட்சியம் கேட்ட விசாரணை அதிகாரி, தடை தேவையில்லை என்று முடிவு சொன்னார். ரக்கல்ஸ்ஹாஸ் அதை ஏற்காமல் தம் ஆணையைப் பிறப்பித்தார். சட்டம் அந்த அதிகாரத்தை அவருக்கே தந்திருந்தது. அதனால்தான் தம் காரணங்களை எழுத்தில் விரிவாகப் பதிவு செய்யும் கடமையும் அவருக்கு இருந்தது, அதை அவர் செய்தார்.

கேள்வி: பதவியை விட்டுச் சென்றவரை 1983இல் ஏன் மீண்டும் அழைத்தார்கள்?

பதில்: இடையில் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். 1973 அக்டோபர் 20 அன்று, வாட்டர்கேட் ஊழலை விசாரித்து வந்த ஆர்ச்சிபால்டு காக்ஸைப் பதவி நீக்கம் செய்யுமாறு அதிபர் நிக்சன் உத்தரவிட்டபோது, அதற்கு இணங்காமல் நீதித் துறைத் தலைவரான அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் விலக, முகமையை விட்டு அத்துறைக்கு வந்து அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்துப் பதவி இழந்தார். பத்தாண்டுகள் கழித்து, அன்றைய தலைவர் ஆன் கோர்சச் நாடாளுமன்றத்துடனான மோதலுக்கிடையே விலகி, முகமையின் பெயர் கெட்டுக் கிடந்தபோது, அதிபர் ரீகனுக்கு வேண்டியிருந்தது மக்கள் நம்பக்கூடிய ஒரு முகம். திரும்பி வந்தவர், அலுவலகம் கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பதுபோல் இயங்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டு, தாமும் உயர் அதிகாரிகளும் யாரைச் சந்திக்கிறார்கள் என்ற பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க வழி செய்தார்.

அந்த இரண்டாம் பணிக்காலத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகர விவகாரம். அங்கிருந்த செம்பு உருக்காலை, ஆர்செனிக் என்ற நச்சுப்பொருளைக் காற்றில் கலந்து வந்தது. இருப்பதிலேயே சிறந்த கருவிகளைப் பொருத்தினாலும் அபாயம் முற்றிலும் நீங்காது. இன்னும் கடுமையாக்கினால் நூற்றுக்கணக்கானோர் வேலை இழக்கக்கூடும். ஆணையிட்டு முடிக்காமல், ஊர் மக்களைக் கூட்டி இந்தக் கணக்கை அவர்கள் முன் வைக்கச் சொன்னார். தோட்டத்தில் விளையும் காய்கறியைச் சாப்பிடலாமா என்று அவர்கள் கேட்டார்கள். வேலை, உடல்நலம் இரண்டும் வேண்டும் என்பதற்காக 'இரண்டும்' என்று பொறித்த வில்லையைச் சிலர் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். அரசு தன் பொறுப்பை மக்கள் தலையில் கட்டுகிறது என்று பத்திரிகைகள் கண்டித்தன. எனக்கு அந்தக் கண்டனத்தில் உடன்பாடில்லை. ஏனெனில் முடிவெடுக்கும் பொறுப்பு தம்முடையதே என்று அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இறுதி விதி வருவதற்கு முன், செம்பு விலை வீழ்ச்சி முதலான காரணங்களால் 1985இல் அந்த உருக்காலையே மூடப்பட்டது.