ஷாக் கொடுத்தால் கேஸ் வருமா?

வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்கள்

கேள்வி: நான் தினமும் நடக்கப் போகும் மைதானத்தில் போன மாதம் ஒருவர் திடீரெனச் சரிந்து விழுந்தார். பேச்சு இல்லை, மூச்சும் இல்லை. பக்கத்துச் சுவரில், நின்றுபோகும் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் இயந்திரமான ஏஇடி (AED) பெட்டி இருந்தது. அலுவலகத்தில் அரை நாள் பயிற்சி எடுத்திருப்பதால் அதை எடுக்க ஓடினேன். "விட்டுடும்மா, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா உன்மேலதான் கேஸ் வரும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்படியே நின்றுவிட்டேன். ஆம்புலன்ஸில் வந்தவர்கள்தான் ஷாக் கொடுத்தார்கள். அவர் பிழைத்துவிட்டார், ஆனால் எனக்கு உறுத்தல் போகவில்லை. நான் எடுத்திருந்தால் கேஸ் வந்திருக்குமா?
- ஒரு வாசகி

பதில்: அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும், சகோதரி. எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று திருப்பிக் கேளுங்கள், ஆள் கரைந்துவிடுவார். 26 வருடமாகக் கறுப்பு அங்கி போடுகிறேன். ஏஇடி வைத்து உதவப் போய் வழக்கில் மாட்டிக்கொண்டேன் என்று ஒருவர்கூட என் அலுவலகப் படியேறியதில்லை.

கேஸ் வர வேண்டுமென்றால் முதலில் நீங்கள் கெடுதல் செய்திருக்க வேண்டும். அதற்கு அந்த இயந்திரம் லேசில் இடம் கொடுக்காது. பட்டைகளை மார்பில் ஒட்டியதும் இதயத்தின் மின்னோட்டத்தை அது தானே படித்துப் பார்க்கும். இதயம் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் நடுங்கிக்கொண்டிருப்பது போன்ற நிலையில்தான் ஷாக்குக்குத் தயாராகும். வெறும் மயக்கம் என்றால் 'ஷாக் தேவையில்லை' என்று சொல்லிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது.

சட்டங்களும் இதை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஜப்பான் 2004-லும் பிரான்ஸ் 2007-லும் மருத்துவர் அல்லாத யாரும் ஏஇடியைப் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007-லிருந்து இதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் எனக்குப் பிடித்தது. ஏஇடியைப் பயன்படுத்தியவருக்கு மட்டுமல்ல, பயன்படுத்த முயன்றவருக்கும் நஷ்ட ஈட்டு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. அதுவும், அவசரம் என்று அவருக்குத் தோன்றியிருந்தாலே போதும். ஜெர்மனி ஒரு படி மேலே. கைகொடுக்க முடிந்தும் சும்மா நின்றவருக்கு அங்கே ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். உங்களைத் தடுத்த ஆசாமி அந்த ஊரில் நின்றிருந்தால், கேஸ் அவர் பக்கம் திரும்பியிருக்கக்கூடும்.

இந்தியாவில் இந்தப் பேச்சு எழுந்தாலே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவைக் காட்டுகிறார்கள். 2019 திருத்தத்தில் வந்த அது, வாகன விபத்தில் அடிபட்டவருக்கு உதவுகிறவரைக் காப்பது. மைதானத்தில் மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தவருக்கு அதை இழுத்துப் போர்த்த முடியாது. இங்கே கைகொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 92-ஆக இருந்தது. சம்மதம் சொல்ல முடியாத நிலையில் கிடப்பவரின் நன்மைக்காக நல்லெண்ணத்துடன் செய்த காரியம் குற்றமாகாது என்பது அதன் சாரம். ஆனால் அது குற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறது, நஷ்ட ஈட்டைப் பற்றி அல்ல. ஏஇடிக்கென்று வெளிப்படையாக ஒரு பிரிவு வேண்டும் என்பது என் கட்சி.

பாதுகாப்புக்கு எல்லையும் உண்டு. 'யாரும் தொடாதீர்கள்' என்று இயந்திரம் கத்தும்போது, ஒருவர் நோயாளியின் கையைப் பிடித்திருப்பதைப் பார்த்தும் பட்டனை அமுக்கினால், நல்லெண்ணம் என்று வாதாட நானே யோசிப்பேன். பதற்றத்தில் நடக்கும் சாதாரணத் தவறு வேறு. முதலுதவியாக நெஞ்சை ஐந்து, ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கும்போது விலா எலும்பு முறிவது சகஜம், முறைப்படி அமுக்கினாலும் முறியும். சட்டையை, பெண் என்றால் உள்ளாடையையும், விலக்கியோ வெட்டியோ வெறும் தோலில்தான் பட்டை ஒட்ட வேண்டும். பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே கத்தரிக்கோல் வைத்திருப்பது அதற்காகத்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி வகுப்பில் பொம்மைக்கு ஒட்டியபோது பட்டையின் பின்பக்கத் தாளை உரிக்கவே மறந்துவிட்டேன். 'பட்டைகளை ஒட்டுங்கள், பட்டைகளை ஒட்டுங்கள்' என்று இயந்திரம் விடாமல் சொல்ல, நான் ஒட்டியாச்சே என்று அதனோடு வாதாடிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், இது கோர்ட் இல்ல. தாளை உரிங்க" என்றார்.

அடுத்த முறை, ஆம்புலன்ஸுக்குப் போன் போடும் வேலையை அந்தக் குரல்காரரிடமே கொடுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஏஇடி வாங்கி மூன்று வருடம் ஆகிறது. திருட்டுப் பயத்தால் அலுவலக அறையில் பூட்டி வைத்திருக்கிறோம். சாவி மேலாளரிடம் இருக்கிறது. அது வேலை செய்யாமல் போனால் சங்கத்துக்குப் பொறுப்பு வருமா?
- சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: மேலே எழுதிய வாசகி பயந்தது வீண். நீங்கள் பயப்படலாம், ஐயா. நான் சொன்ன அமெரிக்கச் சட்டத்திலேயே, இயந்திரத்தை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை, சோதிக்கவில்லை, அதனால்தான் கேடு வந்தது என்றால், வாங்கி வைத்தவருக்கான பாதுகாப்பு போய்விடும். மற்ற இடங்களிலும், பராமரிக்காத சங்கத்துக்காக வாதாடுவது எந்த வழக்கறிஞருக்கும் சிரமம்தான்.

பட்டைகளின் உறையில் காலாவதி தேதி அச்சிட்டிருக்கும். உள்ளே இருக்கும் பசை காய்ந்தால் அவை ஒட்டாது. மூன்று வருடம் என்கிறீர்கள், அநேகமாக இந்நேரம் காலாவதியாகியிருக்கும். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு. தயார்நிலை விளக்கு எரிகிறதா என்று மாதம் ஒரு முறையாவது ஒருவர் பார்த்து, நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடட்டும். வழக்கு என்று வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்த நோட்டுதான்.

அடுத்தது பூட்டு. நெஞ்சை அமுக்கக்கூட ஆள் இல்லாதபோது, ஷாக் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. உங்கள் மேலாளர் சாப்பிடப் போயிருந்தால் அதை நீங்களே கூட்டிக் கொள்ளுங்கள். திறந்தால் அலறும் கண்ணாடிப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஒன்று வாங்கி லிஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.