மற்ற 95 பேர் என்ன செய்தார்கள்?

கே: 2025 ஷாங்காய் மாஸ்டர்ஸ் டென்னிஸில் 204-ஆம் ரேங்க்கில் இருந்த மொனாக்கோ வீரர் வாசேரோ கப் அடித்துவிட்டார். அல்கராஸ் வரவில்லை, சின்னர் தசைப்பிடிப்பில் பாதியில் வெளியேறினார், ஜோகோவிச்சுக்கு உடம்பு முடியவில்லை. குருட்டு அதிர்ஷ்டம்தானே?
– ஒரு வாசகர், புது வண்ணாரப்பேட்டை

ப: அல்கராஸ் வராதது மெயின் டிராவில் (தகுதிச்சுற்றுக்குப் பிந்தைய முக்கியப் போட்டியில்) இருந்த 96 பேருக்கும் பொதுவான சலுகை. மற்ற 95 பேர் அதை வைத்து என்ன செய்தார்கள்?

அதிர்ஷ்டம் இல்லாமல் இல்லை. தகுதிச்சுற்றுக்கே வாசேரோ மாற்று ஆட்டக்காரர் பட்டியலில்தான் காத்திருந்தார்; மேலே இருந்தவர்கள் விலகியதால் உள்ளே வந்தார். மூன்றாம் சுற்றில் மச்சாக் நடுவிலேயே விலகினார். அப்போது வாசேரோ 6-0, 3-1 என்று முன்னால் இருந்தார் என்பதால், அதையும் பாதி அதிர்ஷ்டமாகத்தான் எழுத முடியும்.

மீதியைப் பாருங்கள். தகுதிச்சுற்றில் இரண்டு, மெயின் டிராவில் ஏழு, ஆக ஒன்பது வெற்றி. புப்ளிக், கிரீக்ஸ்பூர், ரூனே, பைனல் என்று நான்கு ஆட்டத்தில் முதல் செட்டைக் கோட்டைவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார். கிரீக்ஸ்பூரிடமும் ரூனேவிடமும் இரண்டாவது செட் 6-6 என்று சமனாகி, செட்டை முடிவு செய்யும் டை-பிரேக்குக்குப் போனது. அதில் சறுக்கியிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான். சின்னர் யாரோடு ஆடும்போது வெளியேறினாரோ, அந்த ஆள்தான் இந்த கிரீக்ஸ்பூர்.

ஜோகோவிச் விஷயம்: அரையிறுதியில் அவரை வாசேரோ வென்றது 6-3, 6-4. வலியோடு ஆடுகிறவரை வெல்வது சுலபம் என்பது கேலரிப் பேச்சு. ஓட முடியாதவர் ராலியை (பந்தை மாறி மாறி அடிப்பதை) நீட்ட மாட்டார். வலைக்குப் பக்கத்திலேயே விழும்படி டிராப் ஷாட் போடுவார், இரண்டாவது மூன்றாவது பந்திலேயே எதிராளி தொட முடியாத வின்னருக்குப் போவார். எதிரே நிற்பவருக்குத் தாளம் கிடைக்காது. 'ஜெயித்தே ஆக வேண்டும்' என்ற பயம் வேறு. அந்த நிலையில் தன் சர்வீஸைக் காப்பாற்றுவதே பெரிய வேலை.

பைனலில் எதிராளி சொந்தக் கசின் ரின்டர்க்னெக். 4-6, 6-3, 6-3. 1990-இல் தொடங்கிய, கிராண்ட் ஸ்லாமுக்கு அடுத்த நிலையில் உள்ள மாஸ்டர்ஸ் போட்டி வரிசையில் இவ்வளவு பின்னால் இருந்து வந்து யாரும் பட்டம் வாங்கியதில்லை. ரேங்க் 204-லிருந்து 40-க்கு ஏறியது.

உங்கள் பேட்டை காசிமா 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாரே, அப்போது யார் யார் வரவில்லை என்று எண்ணிப் பார்த்தீர்களா?

ஒருவாரக் கூத்தா என்று கேட்டிருந்தால் நியாயமான சந்தேகம். வாங்கிய 1000 ரேங்கிங் பாயிண்ட் 52 வாரம்தான் நிற்கும், பிறகு உதிர்ந்துவிடும். ஆனால் அடுத்து நடந்த பாரிஸ் மாஸ்டர்ஸிலும் அதே ரின்டர்க்னெக்கை மறுபடி வீழ்த்திக் காலிறுதி வரை போனார். அங்கேதான் ஓஜே-அலியாசிமிடம் தோற்றார்.